வீட்டிலேயே பாய்மரப்படகு கட்டுவது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

படகு கட்டுகிறேன் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போதும், பார்க்கிறவர்கள் எல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். படகு என்று இங்கே சொல்வது, உள்ளே இரண்டு பேர் படுக்க, சமைக்க இடம் உள்ள, கரையை விட்டுச் சில நாட்கள் விலகி ஓடக்கூடிய, 6 முதல் 10 மீட்டர் வரை நீளமுள்ள பாய்மரப்படகு.

எனக்குத் தச்சு வேலை சுத்தமாகத் தெரியாது. என்னால் முடியுமா?

முடியும். பலகையைப் பலகையோடு மயிரிழை பிசகாமல் பொருத்துகிற பழைய முறைக்குத்தான் பரம்பரை ஆசாரி வேண்டும். இப்போது வீட்டில் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ப்ளைவுட்டை வரைந்த கோட்டில் வெட்டி, ஓரங்களைக் கம்பியால் தைத்து நிறுத்தி, மூலைகளில் எபாக்ஸி என்ற, இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் பசையில் மரத்தூளைக் குழைத்து வழித்து, மேலே ஃபைபர் கிளாஸ் துணி ஒட்டுகிறார்கள். இதில் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால்கூடப் பசை அடைத்துக்கொள்ளும். கோட்டில் வெட்டத் தெரியணும், அளவை இரண்டு தடவை பார்க்கணும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் பொறுமை வேண்டும். அந்த மூன்றாவதுதான் பலரிடம் இருப்பதில்லை.

சந்தேகமாக இருந்தால் முதலில் கரைக்கும் படகுக்கும் போய்வருகிற சின்னத் துடுப்புப் படகைக் கட்டுங்கள். இரண்டு மூன்று ப்ளைவுட் தாளில் முடிந்துவிடும், எப்படியும் பின்னால் அது தேவைப்படும். தேய்க்கும் வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சொந்தமாகக் கட்டினால் வாங்குவதைவிட மலிவுதானே?

இல்லை. இதைக் கேட்டு முகம் வாடுகிறவர்கள் நிறைய. பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கிச் சரிசெய்வதுதான் அநேகமாக எப்போதும் மலிவு. காரணம் எளிது: நீங்கள் கட்டப்போகிற அந்த உடல், மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அபூர்வம். மீதியெல்லாம் பாய்மரம், பாய், கயிறு, வின்ச் (கயிற்றை இழுத்து இறுக்கும் சுழலி), எஞ்சின், நங்கூரம், சங்கிலி, பெயின்ட். பழைய படகை விற்கிறவர் இவை அத்தனையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்.

பிறகு ஏன் கட்டணும்? நீங்கள் விரும்புகிற மாதிரி படகு சந்தையில் இல்லாதபோது கட்டலாம். பணம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும் என்றால் கட்டலாம், மரத்தை இன்றைக்கும் பாயை மூன்று வருஷம் கழித்தும் வாங்கிக்கொள்ளலாமே. வேலையே பிடித்திருக்கிறது என்றால் கேள்வியே இல்லை. செலவைக் குறைக்க ஒரு நல்ல வழி, உடல் கெட்டுப்போய் மற்றதெல்லாம் நன்றாக இருக்கும் பழைய படகு ஒன்றை வாங்கி, அதன் பாய்மரம், பாய், வின்ச் எல்லாவற்றையும் கழற்றிக்கொள்வது. ஒவ்வொன்றாகக் கடையில் வாங்குவதோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் இதுவே லாபம். ஆனால் உடைத்த உடலை அப்புறப்படுத்தும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நீளத்தில் கட்டலாம்? கட்டுவது கட்டுகிறோம், கொஞ்சம் பெரிதாகவே கட்டிவிடலாமே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பாதியில் நின்றுபோன படகுகளைப் போய்ப் பார்த்தால், கட்டியவருக்குக் கைவேலை வராததால் நின்றது குறைவு. நீளத்தை முடிவுசெய்த அன்றைக்கே அவை நின்றுவிட்டன. படகின் எடை நீளத்தோடு நேராக ஏறுவதில்லை, ஒரே வடிவமாக இருந்தால் நீளத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. 7 மீட்டரை 9 மீட்டராக்கினால் கூடுவது இரண்டே மீட்டர், ஆனால் எடை இரண்டு மடங்குக்கும் சற்று மேல். பொருளும் உழைப்பும் ஏறக்குறைய அதே கணக்கில் ஏறும், அந்த எடையை இழுக்கப் பெரிய பாய், அந்தப் பாயை இழுக்கப் பெரிய வின்ச், அதைப் பிடித்து நிறுத்தப் பெரிய நங்கூரம், கடைசியில் நிறுத்துமிடத்துக்குக் கட்டணம்கூட மீட்டர் கணக்கில்தான்.

பதிலுக்குக் கிடைக்கும் வேகம் எவ்வளவு? சாதாரண ஒற்றை உடல் படகின் உச்ச வேகம், தண்ணீர்க்கோட்டு நீளத்தை (மிதக்கும்போது தண்ணீர் மட்டத்தில் இருக்கும் நீளம்) மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43 ஆல் பெருக்கினால் வரும் நாட், அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல். 6.5 மீட்டர் தண்ணீர்க்கோட்டுக்கு 6.2 நாட், 8.5 மீட்டருக்கு 7.1 நாட். ஒரு நாட்டுக்கும் குறைவான வித்தியாசம்! 1960இல் நடந்த முதல் தனியாள் அட்லாண்டிக் போட்டியில் பிளாண்டி ஹேஸ்லர் 'ஜெஸ்டர்' என்ற 25 அடிப் படகில் இரண்டாவதாக வந்தார், அதாவது 7.6 மீட்டர். கடலுக்கு அந்த அளவு போதும். நமக்குத்தான் போதுவதில்லை.

ஒருவர் அல்லது இருவருக்கு என்றால் 7, 7.5 மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, உண்மைதான். படகுக்குள் பெரும்பாலும் உட்காருவோம், இல்லாவிட்டால் படுப்போம்.

எத்தனை வருஷம் ஆகும்? ஸ்லோகம் 13 மாதத்தில் கட்டினாராமே?

ஜோஷுவா ஸ்லோகம் 'ஸ்ப்ரே' என்ற சிதைந்துபோன பழைய படகை 13 மாதத்தில் முழுக்கப் புதுப்பித்து, 1895 முதல் 1898 வரை அதிலேயே தனியாக உலகைச் சுற்றினார். நிஜம்தான். ஆனால் அவர் கடலிலேயே வாழ்ந்த கப்பல் கேப்டன், அவர் படகில் எஞ்சினும் கிடையாது, மின்சாரமும் கிடையாது.

வேலைக்குப் போய்க்கொண்டே கட்டுகிறவருக்கு, 7 மீட்டர் எளிய ப்ளைவுட் படகு 1,500 முதல் 2,500 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 15 மணி நேரம் விடாமல் செய்தால் வருஷத்துக்கு 780 மணி. ஆக இரண்டு முதல் மூன்றேகால் வருஷம். கவிழ்த்து வைத்துக் கட்டிய உடலைத் திருப்பிப் போட்டதும், படகு போலவே தெரிகிறதே, பாதி முடிந்தது என்று தோன்றும். அப்போது கால்வாசிதான் முடிந்திருக்கும். கேபின், ஜன்னல், அலமாரிக் கதவு, வயரிங், பெயின்ட் என்று வேலை அப்புறம்தான் மெல்ல மெல்லத் தின்னும்.

மரமா, இரும்பா, ஃபைபரா, சிமென்ட்டா?

10 மீட்டருக்குக் கீழே என்றால் ப்ளைவுட்டும் எபாக்ஸியும். இரும்பு முரட்டுப் பலம், வெல்டிங் தெரிந்தவருக்கு வேகமும்கூட. ஆனால் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 23.5 கிலோ, 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் 6 முதல் 8 கிலோ. தகட்டை 3 மில்லிமீட்டருக்கும் மெல்லியதாகப் போட்டால் வெல்டிங் சூட்டில் நெளிந்துவிடும். அதனால் சின்னப் படகை இரும்பில் கட்டினால் எடையிலேயே பாதிப் பலன் போய்விடுகிறது. இரும்புப் படகு உள்ளேயிருந்துதான் துருப்பிடித்துச் சாகும், மேலே பளபளவென்று பெயின்ட் அடித்திருப்பது ஒன்றையும் காட்டாது. அலுமினியம் அருமையான பொருள், ஆனால் அதை வெல்டிங் செய்வது தனிக் கைப்பழக்கம், பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அடியில் அடிக்கும் செப்பு கலந்த பெயின்ட்டும் இதற்கு ஆகாது.

சிமென்ட் படகு 1960, 70களில் பெரிய மோகமாக இருந்தது. பொருள் மலிவு. ஆனால் உள்ளே கம்பி வலையில் சாந்து முழுக்க இறங்கியதா என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது, அதனாலேயே காப்பீடு செய்கிறவரும் வாங்குகிறவரும் பின்வாங்குகிறார்கள். ஃபைபர் என்றால் அச்சு வேண்டும், ஒரே ஒரு படகுக்கு அச்சு செய்வது வீண்.

வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட் என்று கடையில் போட்டிருக்கிறதே, அது போதாதா?

ஒட்டுப் பசை தண்ணீருக்குத் தாங்கினால் மட்டும் போதாது. நடு அடுக்குகளில் ஓட்டை இருக்கக் கூடாது. பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் மரைன் (கடல் உபயோக) ப்ளைவுட் தரம் இரண்டையும் பார்க்கிறது. முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், முத்திரை குத்துவது சுலபம். ஒரு தாளின் குறுக்கே வெட்டி ஓரத்தைப் பாருங்கள், நடுவில் கறுப்பாகப் பிளவு தெரிந்தால் அந்தத் தாள் வளைக்கும்போது சரியாக அந்த இடத்தில்தான் முறியும். அப்புறம் கையகலத் துண்டு ஒன்றைச் சில மணி நேரம் கொதிக்கவைத்து, நன்றாகக் காயவைத்து, மறுபடி கொதிக்கவைத்து, உளியால் அடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். மரம் நார் நாராகக் கிழிந்தால் நல்ல ப்ளைவுட். அடுக்கு வழுக்கிக்கொண்டு தனியாக வந்தால் அலமாரி செய்யக்கூட யோசிக்கணும்.

எபாக்ஸி விலை கையைக் கடிக்கிறது. பாலியெஸ்டர் ரெசின் போட்டால் என்ன?

மரத்தில் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. சில வருஷத்தில் ஃபைபர் துணி மரத்தை விட்டுத் தூக்கும், அந்த இடுக்கில் தண்ணீர் புகும், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே மரம் மக்கும். மிச்சம் பிடிக்கணும் என்றால் வேறு எங்கேயாவது பிடியுங்கள்.

எபாக்ஸி சில நேரம் புகைகிறது, சில நேரம் காயவே மாட்டேன் என்கிறது. ஏன்?

புகைவது, ஒரே டப்பாவில் நிறையக் கலந்து வைத்ததால். ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் சேரும்போது சூடு பிறக்கும், குறுகலான டப்பாவில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமாக இறுகும், டப்பாவே உருகிவிடும். கலந்த உடனே ஆழமில்லாத தட்டில் பரப்பி ஊற்றுங்கள். காயாமல் பிசுபிசுப்பது விகிதம் தப்பியதால். இரண்டுக்கு ஒன்று என்று எழுதியிருந்தால் இரண்டுக்கு ஒன்றுதான், சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் காயவே காயாது. அளவு கன அளவிலா எடையிலா என்பதையும் டப்பாவில் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல.

பூசும் நேரமும் முக்கியம். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும், அப்போது பூசினால் மேற்பரப்பு முழுக்கக் குண்டூசித் தலை அளவுக் குமிழ்கள். பொழுது சாய்ந்து மரம் குளிரத் தொடங்கும்போது பூசினால் மரமே ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் தொட்டால் மெழுகு தடவியது போல ஒரு வழவழப்பு இருக்கலாம், அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் உப்புத்தாள் போடணும், இல்லாவிட்டால் அடுத்த பூச்சு பிடிக்காது.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் போகாது, பாதிப் படகோடு வேலையை விட வேண்டிவரும். சரியாக இறுகாத எபாக்ஸியைத் தேய்க்கும் தூசும் அப்படித்தான், மாஸ்க் போடுங்கள்.

எப்படியும் மரம்தானே, உளுத்துப் போகாதா?

மரத்தை மக்க வைப்பது பெரும்பாலும் மழைத் தண்ணீர், கடல் தண்ணீர் அவ்வளவாக இல்லை. மேல்தளத்தில் முடுக்கிய ஒரு போல்ட்டைச் சுற்றித்தான் வேலை ஆரம்பிக்கும். அதனால் மேல்தளத்தில் போடுகிற ஒவ்வொரு ஓட்டைக்கும் இந்தச் சடங்கு: 8 மில்லிமீட்டர் போல்ட் என்றால் முதலில் 12, 13 மில்லிமீட்டருக்குத் துளையுங்கள், அடியில் டேப் ஒட்டுங்கள், உள் சுவரில் வெறும் எபாக்ஸியைத் தடவி ஊறவிட்டு, கெட்டியான எபாக்ஸியால் நிரப்புங்கள், இறுகிய பிறகு நடுவில் 8 மில்லிமீட்டர் துளை. இப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இல்லை, பிளாஸ்டிக் குழாய்தான் இருக்கிறது. தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. சலிப்பான வேலை. பத்து ஓட்டைக்குச் செய்துவிட்டுப் பதினோராவதை அப்படியே விட்டுவிடத் தோன்றும்.

எபாக்ஸி வெயிலில் சிதையும் என்பதால் மேலே பெயின்ட் கட்டாயம். கேபினுக்குள் காற்றோட்டம் விடுங்கள்.

எங்கே வைத்துக் கட்டுவது? வீட்டுக்குப் பின்னால் ஷெட் போதுமா?

சுற்றிலும் ஒன்றரை மீட்டராவது நடக்க இடம், மேலே கூரை, இது போதும். தூரம்தான் முக்கியம். வாடகைக்குப் பெரிய ஷெட் கிடைக்கிறது என்று அரை மணி நேரப் பயணத்தில் வைத்தீர்களானால் வாரநாளில் போகவே மாட்டீர்கள், மேலே சொன்ன 15 மணி நேரம் 6 ஆகிவிடும்.

வெட்ட ஆரம்பிக்கும் முன்பே படகு வெளியே போகிற வழியை அளந்துவிடுங்கள். கதவு, கேட், திருப்பம், தெருவின் மேல் தொங்கும் மின்கம்பி, கிரேன் வந்து நிற்கும் இடம், எல்லாவற்றையும். பல நாடுகளில் சுமார் இரண்டரை மீட்டர் அகலம் வரை சாலையில் சாதாரணமாகக் கொண்டுபோகலாம், அதற்கு மேல் தனி அனுமதி. நீளத்தைப் பற்றிய பதிலுக்கு இது இன்னொரு காரணம், 7 மீட்டர் படகை இந்த அகலத்துக்குள் அடக்கிவிடலாம்.

இரட்டை உடல் படகுக்குக் கீல் எடையே தேவையில்லையே, அது சுலபம்தானே?

கீல் என்பது ஒற்றை உடல் படகு கவிழாமல் இருக்க அடியில் வைக்கும் கனம், அதற்கு ஈயம் வார்க்கிற வேலை மிச்சம். ஒவ்வொரு உடலும் ஒல்லி என்பதால் குறுகலான இடத்தில் ஒவ்வொன்றாகக் கட்டிக் கரையில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம், இதுவும் பெரிய வசதி. ஜேம்ஸ் வார்ரம் 1954இல் 'டாங்கரோவா' என்ற ஏழு மீட்டர் சொச்சம் நீளமுள்ள இரட்டை உடல் படகைத் தானே கட்டி, அதில் அட்லாண்டிக்கைக் கடந்தார். பிறகு வீட்டில் கட்டுகிறவர்களுக்காகவே நிறைய வடிவங்கள் வரைந்தார், குறுக்குச் சட்டங்களைப் பெரும்பாலும் கயிற்றால்தான் உடல்களோடு இறுக்குவார்.

ஆனால் தேய்க்க வேண்டிய பரப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சின்ன அளவில் உள்ளே இடம் ரொம்ப ஒடுக்கம். சுமை ஏற்றினால் தாங்காது, வேகமும் பாதுகாப்பும் சேர்ந்தே குறையும். கவிழ்ந்தால் தானாக நிமிராது.

பிளானை விலைக்கு வாங்கணுமா? நானே வரைந்தால்?

வாங்குங்கள். மொத்தச் செலவில் அது மிகச் சிறிய தொகை. ஏற்கெனவே சில பேர் கட்டி முடித்துக் கடலில் ஓட்டுகிற வடிவமாகப் பார்த்து வாங்குங்கள், எடைக் கணக்கும் பொருள் பட்டியலும் அதில் இருக்கணும்.

பிளான்படியே கட்டுகிறேன், கேபினை மட்டும் ஒரு அடி உயர்த்திக்கொள்ளலாமா?

கூடாது. எடை மேலே ஏறுகிறது, சாய்ந்த படகு நிமிரும் சக்தி குறைகிறது. காற்று தள்ளும் பரப்பு கூடுகிறது. பாயின் அடி ஓரத்தைப் பிடித்திருக்கும் கிடைக் கழி உயர வேண்டிவரும், அதற்குப் பாய்மரமும். பின்னால் சுக்கான் பிடிப்பவருக்கு முன்னால் தெரியாது. மாற்றியே ஆகணும் என்றால் அலமாரி, அடுப்பு, படுக்கை இவற்றை மாற்றுங்கள், குறுக்குத் தடுப்புகளைத் தொடாமல். அவை அறை பிரிக்கிற சுவர்கள் மட்டும் இல்லை, படகின் விலா எலும்பே அவைதான்.

கீலுக்கு ஈயமா, இரும்பா, கான்கிரீட்டா?

ஒரு லிட்டர் அளவுக்கு ஈயம் 11.3 கிலோ, வார்ப்பிரும்பு 7 கிலோ சொச்சம், கான்கிரீட் 2.4 கிலோ. ஈயம்தான் சிறந்தது, எடை முழுக்கக் கீழே சின்ன இடத்தில் அடங்கும், துருவும் இல்லை. 327 டிகிரியில் உருகிவிடும் என்பதால் வீட்டில் வார்க்கலாம் என்று ஆசை வரும். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அது நீராவியாகி உருகிய ஈயத்தை முகத்தில் வீசியடிக்கும், புகையும் தூசும் நச்சு. வார்ப்படம் போடுகிற பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பிளானில் இரும்பு என்று போட்டிருந்தால் இரும்பே போடுங்கள். அதே வடிவத்தில் ஈயம் ஊற்றினால் எடை கூடிவிடும்.

பாயை வீட்டிலேயே தைக்கலாமா?

சீன பாணிப் பாய் என்றால் தாராளமாக. குறுக்கே கழிகள் ஓடும், தட்டையாக வெட்டலாம், துணியில் இழுவிசையும் குறைவு. முன்னே சொன்ன 'ஜெஸ்டர்' ஓடியது இந்தப் பாயில்தான். தாங்கு கம்பி இல்லாத ஒற்றை மரம், கேபினுக்குள் நின்றபடியே பாயைச் சுருக்கலாம். வின்ச்சும் எஃகுக் கம்பியும் பெருமளவு மிச்சமாவதால், முதல் செலவுக் கணக்கில் இது பெரிய குறைப்பு. காற்றை எதிர்த்து ஏறும்போது மட்டும் முக்கோணப் பாய்க்குச் சற்றுப் பின்தங்கும். முக்கோணப் பாய்தான் வேண்டும் என்றால் பழையது வாங்குங்கள்.

எஞ்சின் கட்டாயமா?

துறைமுகத்துக்குள் கட்டாயம் மாதிரிதான். 7 மீட்டருக்கு 6 முதல் 8 குதிரைத்திறன் அவுட்போர்டு, அதாவது பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின் போதும். கழற்றிக் கரைக்கு எடுத்துப்போய்ப் பழுது பார்க்கலாம், உடலில் ஓட்டையும் வேண்டாம். தண்ணீர்க்கோட்டுக்கு அரை மீட்டர் கீழே 5 சென்டிமீட்டர் ஓட்டை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் உள்ளே வரும், கைப்பம்பால் ஈடுகொடுக்க முடியாது. ஓட்டை போட்டே தீரணும் என்றால் வீட்டுக் குழாய்க்குப் போடும் பித்தளை வால்வு ஆகாது, உப்புத் தண்ணீர் அதிலிருக்கும் துத்தநாகத்தை அரித்துவிடும். வெண்கலம் போடுங்கள். பெட்ரோல் டாங்கைக் கேபினுக்குள் வைக்காதீர்கள், அதன் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் போய்த் தேங்கி நிற்கும்.

பதிவு, காப்பீடு எல்லாம் கிடைக்குமா? பிற்பாடு விற்கலாமா?

நாட்டுக்கு நாடு விதி வேறு, கட்ட ஆரம்பிக்கும் முன்பே கேளுங்கள். உதாரணமாக ஐரோப்பிய ஒன்றியத்தில், சொந்த உபயோகத்துக்குக் கட்டிய படகுக்குத் தரச்சான்று விதியிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் ஓட்ட ஆரம்பித்து ஐந்து வருஷத்துக்கு விற்கக் கூடாது. எங்கே இருந்தாலும் பில்களையும், மூடி மறைப்பதற்கு முன்னால் எடுத்த படங்களையும் பத்திரமாக வையுங்கள். காப்பீட்டுக்குப் பார்வையிட வருகிறவர் நம்புவது அதைத்தான். விற்றால் பொருள் காசு வந்தாலே பெரிது, உழைப்புக்கு எதுவும் வராது.

ஒருவர் பாதியில் விட்ட படகைச் சும்மாவே தருகிறார். எடுத்துக்கொள்ளலாமா?

முதலில் நீளத்தைக் கேளுங்கள். 12 மீட்டர் என்றால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், காரணம் மேலே இருக்கிறது. சின்னதுதான் என்றால், பிளான் கையில் இருக்கிறதா, ஒட்டியது எபாக்ஸியா பாலியெஸ்டரா, கூரைக்குக் கீழே இருந்ததா, எந்த வழியாக வெளியே வரும், இந்த நான்கையும் விசாரியுங்கள். முன்பக்க நுனியிலிருந்து பின்பக்க இரண்டு மூலைக்கும் நூல் பிடித்துப் பாருங்கள், இரண்டு நூலும் ஒரே அளவாக இருக்கணும். பின்பக்கத் தட்டியோடு குறுக்குத் தடுப்புகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் ஒட்டிப் பார்த்தால் முறுக்கியிருப்பதும் தெரிந்துவிடும், முறுகிய உடலை நிமிர்த்த முடியாது.

முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். ஒரு டார்ச்சும் கூரான ஊசியும் எடுத்துப்போய், தண்ணீர் தேங்கியிருக்கிற மூலைகளில் குத்திப் பாருங்கள்.